“உங்களை ஏன் எடுக்க வேண்டும்?”: ஆறாவது நேர்காணலில் மாறிய பதில் - ஒரு நிகழ்வு ஆய்வு

வேலை தேடுவோருக்கு நேர்காணல் பயிற்சி அளிப்பது என் வேலை. அதற்கு முன் பல ஆண்டுகள் தேர்வுக் குழுக்களில் கேள்வி கேட்பவனாக உட்கார்ந்திருக்கிறேன். கீழே உள்ள நிகழ்வை, அதற்கு உரியவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையோ நிறுவனங்களையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அவர் 39 வயதுப் பெண், வணிகவியல் பட்டதாரி. ஓர் உற்பத்தித் தொழிற்சாலையின் உதிரி பாக ஸ்டோரில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடைசி 5 ஆண்டுகள் அந்த ஸ்டோரின் முழுப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தபோது இரண்டு ஸ்டோர்கள் ஒன்றாயின. அவருடைய பதவி இல்லாமல் போயிற்று. வேலையில் குறை கண்டு யாரும் அவரை அனுப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பின்னால், இந்த ஒன்றைச் சொல்லத்தான் அவர் மிகவும் தடுமாறினார்.

என்னிடம் வந்தபோது வேலை போய் 6 மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் 5 நேர்காணல்களுக்குப் போயிருந்தார். எதிலும் தேர்வாகவில்லை. தன் வயதும் பொறியியல் படிப்பு இல்லாததும்தான் காரணம் என்பது அவருடைய எண்ணம். அதை நான் மறுக்கவில்லை. வயதைப் பார்த்து ஒதுக்கும் குழுக்களை நானே பார்த்திருக்கிறேன். அது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இரண்டையும் அவராலும் என்னாலும் மாற்ற முடியாது. அவை தெரிந்தே 5 இடங்களில் அவரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். ஆகவே, உள்ளே போன பிறகு என்ன நடந்தது என்று பார்க்கலாம் என்றேன்.

முதல் சந்திப்பில் கவனித்தவை

ஒவ்வொரு நேர்காணல் முடிந்ததும், நினைவில் நின்ற கேள்விகளை அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இப்படி எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு. அந்த நோட்டே அவருடைய வேலைப் பழக்கத்துக்கு ஒரு சான்று; அது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தில் மூன்று இடங்களில் ஒரே கேள்வி வந்திருந்தது: “உங்களை ஏன் எடுக்க வேண்டும்?” மூன்றிலும் அவர் சொன்ன பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 12 ஆண்டு அனுபவம் இருக்கிறது, நேர்மையாக உழைப்பேன், பொறுப்பாக இருப்பேன், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்.

கடைசி வரியில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. “எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்” என்பதை அவர் பணிவாகச் சொன்னார். கேட்பவருக்கு அது பணிவாகப் போய்ச் சேர்வதில்லை. குறிப்பிட்ட ஒரு சிக்கலைத் தீர்க்க ஆள் தேடி உட்கார்ந்திருப்பவருக்கு, “எனக்கு எது நன்றாக வரும் என்று நானே யோசித்துப் பார்க்கவில்லை” என்றுதான் அது கேட்கும். குழுவில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த விண்ணப்பதாரர்களில் எத்தனை பேரைத் தவறாக மதிப்பிட்டேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் சொன்ன “12 ஆண்டு அனுபவம்” என்பதும் அவர் நம்பிய அளவுக்கு வலுவானதல்ல. ஆள்தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து, ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதோடு ஒவ்வொரு தேர்வு முறைக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்பது அவர்களுடைய கணக்கு. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. அனுபவ ஆண்டுகளுக்குக் கிடைத்தது 0.18 மட்டுமே. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51, வேலையின் ஒரு துண்டைச் செய்துகாட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54. பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது இந்த எண்கள் மூன்றுமே இறங்கின. ஆனாலும் அந்த வகை நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்தில் நின்றது. ஆண்டுகளின் எண்ணிக்கை தனியாக அதிகம் சொல்லிவிடாது. அந்த ஆண்டுகளுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டும், அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் விண்ணப்பதாரர்.

மாதிரி நேர்காணலும் இரண்டு சொற்களும்

இரண்டாவது சந்திப்பில் மாதிரி நேர்காணல் நடத்தினேன். தேர்வுக் குழுவில் செய்வதைப் போலவே ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டேன். அவர் பேசப் பேச, மதிப்பெண் போட உதவக்கூடியதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். அதே கேள்வியைக் கேட்டேன். அவர் 5 நிமிடம் பேசினார். நல்ல குரல், தெளிவான பேச்சு.

முடிந்ததும் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அதில் இரண்டே சொற்கள் இருந்தன: “ஸ்டோர். பொறுப்பானவர்.”

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் பேசியதில் எழுத எதுவுமே இல்லையா சார்?” என்று கேட்டார். அவரைக் காயப்படுத்துகிறோமோ என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் ஐந்து குழுக்களும் அவருக்குச் சொல்லாமல் விட்டது இதுதான். நேர்காணல் முடிந்து விண்ணப்பதாரர் வெளியே போன பின்பு, அவருக்காகப் பேச அந்த அறையில் மிஞ்சுவது குறிப்புத் தாள் ஒன்றுதான். மாலையில் எட்டுப் பேரைப் பார்த்துக் களைத்த குழு, தாளில் இருப்பதை வைத்தே முடிவு செய்கிறது. பொறுப்பு, உழைப்பு, நேர்மை ஆகிய சொற்கள் அன்று வந்த எட்டுப் பேரின் தாளிலும் இருக்கும்.

“உங்கள் ஸ்டோரில் எப்போதாவது பெரிய சிக்கல் வந்ததா?” என்று பேச்சை மாற்றினேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத என் தாள் போதவில்லை.

ஓர் இரவு ஷிப்டில் ஓர் இயந்திரத்தின் பேரிங் உடைந்திருக்கிறது. கணினி இருப்பு 4 என்று காட்டுகிறது. தட்டில் ஒன்றுகூட இல்லை. உற்பத்தி 6 மணி நேரம் நின்றது. அந்த ஆண்டில் அப்படி நடந்தது அது நான்காவது முறை. ஸ்டோர் பொறுப்பாளர் என்பதால் பழி அவர் மேல் விழுந்தது. அவர் அதோடு விடாமல், 3 வாரம் பழைய இஷ்யூ சிலிப்புகளை, அதாவது ஸ்டோரிலிருந்து பொருள் எடுத்ததைப் பதியும் சீட்டுகளை, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இரண்டு காரணங்கள் தெரிந்தன. இரவில் அவசரத்துக்குப் பொருளை எடுத்துக்கொண்டு, சிலிப்பை மறுநாள் காலையில் எழுதினார்கள். சில சமயம் எழுதவே இல்லை. அடுத்து, ஒரே பேரிங் இரண்டு சப்ளையர்களிடமிருந்து வந்ததால், இரண்டு வெவ்வேறு குறியீட்டு எண்களில் பதிவாகியிருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணும் வழக்கத்தோடு, தினமும் 20 பொருள்களை எண்ணும் முறையையும் அவர் கொண்டுவந்தார். விலை உயர்ந்தவையும் அடிக்கடி தேவைப்படுபவையும் மாதம் ஒருமுறை எண்ணிக்கைக்கு வந்துவிடும். வேகமாகப் போகும் பொருள்களின் தட்டுகளில் இருப்பு அட்டை தொங்கவிட்டார். எடுப்பவர் அங்கேயே நின்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம்.

“எழுதினார்களா?”

“முதல் இரண்டு வாரம் யாருமே எழுதவில்லை சார். ஓர் இரவு நானே ஷிப்டுக்குப் போய் நின்று பார்த்தேன். கையெல்லாம் கிரீஸ். பேனா என் மேசையில், பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அவர்கள் எதை வைத்து எழுதுவார்கள்? மறுநாள் ஒவ்வோர் அட்டையோடும் ஒரு பென்சிலை நூலில் கட்டிவிட்டேன். கிரீஸ் கையிலும் பென்சில் எழுதும்.”

இதை அவர் ஐந்து நேர்காணல்களில் ஒன்றில்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “இது பெரிய விஷயமா சார்? நிறைகுடம் தளும்பாது என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்” என்றார். குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவர் கேட்கும்போது அளவைச் சொல்வது தளும்புவது ஆகாது என்றேன். அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எண்ணைச் சரிபார்த்தது

இந்த நிகழ்வையே பதிலின் நடுவில் வைப்பது என்று முடிவு செய்தோம். நேர்காணல் பயிற்சியில் பரவலாகச் சொல்லப்படும் ஸ்டார் முறையை எலும்புக்கூடாக எடுத்துக்கொண்டோம்: சூழல், அதில் தன் பொறுப்பு, செய்த செயல், கிடைத்த விளைவு. பலரும் சூழலிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். நாங்கள் அதை இரண்டு வாக்கியங்களில் நிறுத்தி, செயலுக்குப் பெரும்பகுதி நேரத்தை ஒதுக்கினோம்.

விளைவில் சிக்கல் வந்தது. தினசரி எண்ணிக்கையில் கணினிக் கணக்கும் தட்டில் இருந்ததும் எத்தனை சதவீதம் ஒத்துப்போயின என்று கேட்டேன். “98 இருக்கும்” என்றார். எப்படித் தெரியும் என்றேன். வீட்டில் இருந்த தன் சொந்த டைரியைப் பார்த்துவிட்டு மறுநாள் போன் செய்தார். தொடங்கியபோது 71; 8 மாதங்களுக்குப் பிறகு 94. குரலில் சிறிய ஏமாற்றம் தெரிந்தது.

94 என்றே சொல்லச் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்பது முதல் காரணம், அதுவே போதும். ஆனால் நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. இருப்புக் கணக்கு தெரிந்தவர் எதிரே இருந்தால், “98 எப்படி எட்டினீர்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். தொட்டுப் பார்க்காத எண்ணை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. 71-லிருந்து 94 என்றால், நடுவில் உள்ள ஒவ்வொரு மாதமும் அவருக்கு மனப்பாடம்.

“நாங்கள்” என்று அவர் சொன்ன இடங்களையும் பிரித்தோம். இரட்டைக் குறியீட்டைக் கண்டுபிடித்தவர் அவர். கணினியில் அவற்றை ஒன்றாக்கியவர் கணினிப் பிரிவுச் சக ஊழியர். அதை அப்படியே சொல்வது என்று முடிவாயிற்று. பிறர் செய்ததைப் பிறருக்குக் கொடுத்துவிட்டதும், “இதை நான் செய்தேன்” என்று சொல்லும்போது அவருக்கு இருந்த கூச்சம் குறைந்தது. அது நான் எதிர்பாராத பலன். பழைய நிறுவனத்தின் ஆவணங்கள், சப்ளையர் பெயர்கள், விலைகள் எதையும் பேசக் கூடாது என்றும் வரம்பு போட்டுக்கொண்டோம்.

எதிர்த்தரப்பின் தேவையைப் படித்தது

ஆறாவது அழைப்பு, மின்தூக்கிகளைப் பராமரிக்கும் ஒரு சேவை நிறுவனத்திலிருந்து வந்தது. உதிரி பாக இருப்பை ஒருங்கிணைக்கும் பதவி. விளம்பரத்தில் இருந்த பொறுப்புகளில் ஒன்று, “தொழில்நுட்பப் பணியாளர்களின் வாகன இருப்பைக் கணக்குடன் ஒப்பிடுதல்”. பணியாளர்கள் தங்கள் வண்டியில் வைத்திருக்கும் உதிரி பாகங்கள்தான் வாகன இருப்பு. அவர் அதைக் கையாண்டதே இல்லை. விண்ணப்பிக்கவே தகுதியில்லையோ என்று பயந்தார்.

அவருடைய பழைய தோழி ஒருவர் வேறொரு சேவை நிறுவனத்தில் இருக்கிறார். அவரிடம் அரை மணி நேரம் பேசச் சொன்னேன். பேசிவிட்டு வந்தவர் முகத்தில் வெளிச்சம். “சார், அது இரவு ஷிப்டேதான்! பழுது பார்க்கும் அவசரத்தில் வண்டியிலிருந்து பாகத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எழுதுவது மாலையில், சில நாள் வாரக் கடைசியில்.” எழுதப்படுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும் பொருள் என்பதுதான் இரண்டு இடத்திலும் சிக்கல். இந்தப் பாலத்தை நான் கட்டிக் கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்தார்.

வாகன இருப்பில் நேரடி அனுபவம் இல்லை என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அவரே சொல்லிவிட்டு, உடனே இந்த ஒற்றுமையை எடுத்துச் சொல்வது என்று தீர்மானித்தோம். மறைத்த குறையைக் குழு தேடிக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு வரும் நல்ல பதில்களும் எடுபடாது.

நேர்காணல் நாள்

குழுவில் மூன்று பேர்: மனிதவள அதிகாரி, சேவைப் பிரிவு மேலாளர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். இனி வருவதை, அன்று மாலை அவர் நோட்டில் எழுதியதிலிருந்து தருகிறேன்.

வழக்கமான கேள்வி மூன்றாவதாக வந்தது. ஒன்றரை நிமிடத்தில் பதில் சொன்னார். பென்சிலைச் சொன்னபோது அதுவரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த சேவை மேலாளர் நிமிர்ந்தார். “எங்கள் ஆட்களும் எழுத மாட்டார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அவர், “இப்போது என்னால் சொல்ல முடியாது சார். முதல் வாரம் இரண்டு பேருடன் வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எழுதுவது கடினமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்வேன்” என்றார். இது நாங்கள் பயிற்சி செய்த பதில் அல்ல. பயிற்சி செய்தவை எல்லாவற்றையும்விட நல்ல பதில் இது என்பது என் கருத்து. அடுத்த கால் மணி நேரம் அவர்கள் இருவருக்கும் இடையே வேலையைப் பற்றிய உரையாடலாகவே நடந்தது.

பிறகு கணக்குப் பிரிவுக்காரர் 30 வரிகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஒரு பத்தியில் கணினி இருப்பு, அடுத்ததில் எண்ணிப் பார்த்தது. எதை முதலில் விசாரிப்பீர்கள் என்பது கேள்வி. மிகப் பெரிய வித்தியாசம் 140 திருகாணிகளில் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், தள்ளித் தள்ளி இருந்த இரண்டு வரிகளில் விரலை வைத்தார். ஒன்றில் 6 கூடுதல், மற்றொன்றில் 6 குறைவு. பெயர்கள் வேறு, அளவு ஒன்று. “இது ஒரே பொருளாக இருக்கலாம் சார். ஒரு குறியீட்டில் வாங்கி, வேறொரு குறியீட்டில் கொடுத்திருக்கிறார்கள்.” பேரிங் விஷயத்தில் 3 வாரம் சிலிப்புகளோடு உட்கார்ந்த கண்ணுக்குத்தான் அது தெரியும்.

அதுவரை எல்லாம் நன்றாகப் போயிற்று. கடைசியில் மனிதவள அதிகாரி, “7 மாதமாக ஏன் வேலையில் இல்லை?” என்று சாதாரணமாகக் கேட்டார். இணைப்பு எப்படி நடந்தது, யார் தங்கினார்கள், தனக்கு என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்று 4 நிமிடம் சொல்லிக்கொண்டே போனார். குரல் தழுதழுத்தது. அடுத்து சம்பள எதிர்பார்ப்பைக் கேட்டபோது, பழைய வரி திரும்பி வந்துவிட்டது: “நீங்கள் எது கொடுத்தாலும் சரி.”

பின்னர் நடந்தது

9 நாட்கள் கழித்து வேலை கிடைத்த செய்தி வந்தது. ஆனால் விளம்பரத்தில் இருந்த நிலைக்கு ஒரு படி கீழே. வாகன இருப்பில் முன்னனுபவம் இல்லாததால் 6 மாதம் பார்த்துவிட்டு உயர்த்துவதாகச் சொன்னார்கள். அவர் உடனே சம்மதம் சொல்ல இருந்தார். ஒரு நாள் அவகாசம் கேட்கச் சொன்னேன். எந்த அளவுகளைப் பார்த்து நிலையை உயர்த்துவார்கள் என்பதை எழுத்தில் தரும்படி கேட்டு, அது வந்த பிறகு சேர்ந்தார். ஒப்பந்தப்படி 6 மாதத்தில் நடந்திருக்க வேண்டிய உயர்வு ஏழாவது மாதம் கிடைத்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால் இன்னும் தள்ளிப் போயிருக்கும் என்று அவர் நினைக்கிறார்.

தேர்வுக்கு எது காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். எதிரே வந்த மேலாளர் அதே சிக்கலில் தவித்துக்கொண்டிருந்தவர் என்பது பெரிய அதிர்ஷ்டம். வேறொரு குழு அதே பதிலைக் கேட்டுவிட்டு வயதைப் பார்த்திருக்கலாம். சேர்ந்த பிறகு அந்த மேலாளர் அவரிடம் சொன்ன ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். அன்று மாலை குழு கூடியபோது யாருக்கும் அவர் பெயர் நினைவில் இல்லையாம். “பென்சில் கட்டியவர்” என்றுதான் பேசிக்கொண்டார்களாம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வேலை போன கதையைச் சொல்லப் பயிற்சி கொடுக்காமல் விட்டது என் தவறு. அது எளிய கேள்வி, உண்மையான பதிலும் கையில் இருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். உண்மை கையில் இருப்பதும், வலிக்கும் உண்மையை அந்நியர் மூன்று பேர் முன்னால் இரண்டு வாக்கியத்தில் சொல்வதும் வேறு வேறு. “நிறுவனம் இணைந்ததில் இரண்டு ஸ்டோர்கள் ஒன்றாயின, என் பதவி நீக்கப்பட்டது. அன்றிலிருந்து இருப்புக் கட்டுப்பாட்டு வேலைகளுக்கு மட்டும் விண்ணப்பித்து வருகிறேன்.” இந்த அளவு போதும். இப்போது வருபவர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். குரல் சாதாரணமாகும் வரை பல முறை சொல்ல வைக்கிறேன்.

சம்பளக் கேள்வியும் அப்படித்தான். தன் வேலையின் மதிப்பைக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னவர், ஒரே வாக்கியத்தில் அதைக் கீழே வைத்துவிட்டார். இதே நிலையில் மற்ற நிறுவனங்கள் என்ன தருகின்றன என்று முன்னதாக விசாரித்து, ஓர் எல்லையை எழுதிக்கொண்டு போகச் செய்திருக்க வேண்டும். ஒரு படி குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த 7 மாதச் சம்பள வித்தியாசம் அவருக்குச் சிறிய தொகை அல்ல.

இன்னொன்று: முதல் சந்திப்பிலேயே “பெரிய சிக்கல் வந்ததா?” என்று நான் கேட்டிருக்கலாம். அதற்கு மாறாக, அவருடைய பதில்களைத் திருத்துவதில் ஒரு முழு அமர்வைச் செலவழித்தேன். பேரிங்கும் பென்சிலும் அவருக்குள் இருந்தன. நான் கேட்கத் தாமதித்தேன்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அவருக்கு அனுப்பியிருந்தேன். ஒரே ஒரு திருத்தத்துடன் திருப்பி அனுப்பினார். ஓர் இடத்தில் நான் கைதவறி 95 என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் 94 என்று எழுதியிருந்தார்.